அணுவை அணுவோடு பிணைப்பது எப்படி?

(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் பேசியது)



இன்று "குவாண்டம் கணினி" என்பதைப் பற்றி நான் பேச வேண்டுமென்று இந்த வாசகசாலையார் கேட்டுக்கொண்டார்கள். விஷயமோ மிகப் பெரியது. ஒரு மாலைப் பொழுதில் அதை முழுவதும் சொல்லிவிடுவதாகப் பாவனை செய்வது உங்களை ஏமாற்றுவதாகும். ஆகவே அதில் ஒரே ஒரு பாகத்தை மாத்திரம் எடுத்துக்கொள்ளுகிறேன். அதாவது, இரண்டு தனி அணுக்களைப் பிடித்து வைத்து, லேசர் ஒளியைக் கொண்டு அவ்விரண்டையும் பிணைப்பது எப்படி, அந்த வேலையில் நேருகிற பிழையை எப்படிக் குறைத்தார்கள் என்பதே என் பேச்சு. நான் இந்தச் சாஸ்திரத்தில் பட்டம் பெற்றவனல்ல. படித்ததையும், படித்ததைக் கணக்குப் போட்டுப் பார்த்ததையும் சொல்லுகிறேன். எங்கேயாவது கணக்குத் தப்பு என்று தோன்றினால் தாராளமாகக் கேளுங்கள்.

இது நமக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். இரண்டு காரணங்கள் சொல்லுகிறேன். ஒன்று, நம்முடைய வரிப்பணம். இந்திய அரசாங்கம் 2023-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் குவாண்டம் ஆராய்ச்சிக்கென்று 6,003 கோடியே 65 லட்ச ரூபாய் ஒதுக்கியிருக்கிறது. பணம் கொடுக்கிறவனுக்கு அது எதற்குப் போகிறது என்று கேட்க உரிமை உண்டு. கேட்பதற்குக் கொஞ்சமாவது விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இரண்டாவது, "குவாண்டம்" என்கிற இந்த வார்த்தையைக் கடைத் தெருவில் விற்கிறார்கள். குவாண்டம் வைத்தியம், குவாண்டம் காப்பு, குவாண்டம் தியானம் என்று எத்தனையோ பேரில் சரக்குகள் வந்துவிட்டன. "ஓர் அணுவுக்கும் தூரத்திலுள்ள மற்றோர் அணுவுக்கும் சம்பந்தம் இருக்கிறதென்று விஞ்ஞானமே ஒப்புக்கொண்டுவிட்டது, ஆகையால் என் மனசுக்கும் உன் வியாதிக்கும் சம்பந்தம் உண்டு, காசைக் கொடு" என்பதுதான் அவர்களுடைய வாதத்தின் சாரம். அணுவுக்கும் அணுவுக்கும் சம்பந்தம் உண்டென்பது வாஸ்தவம். ஆனால் அந்தச் சம்பந்தத்தை உண்டாக்குவதற்கு எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது என்பது தெரிந்தால், மிச்சத்தை நீங்களே தீர்மானித்துக்கொள்வீர்கள்.

பிணைப்பு என்றால் என்ன?

சாதாரணக் கணினி எல்லாவற்றையும் 0, 1 என்கிற இரண்டு இலக்கங்களாக வைத்துக்கொண்டு வேலை செய்கிறது. நான் சொல்லப்போகிற வகைக் குவாண்டம் கணினியில் ஓர் அணுவே இலக்கம். அந்த அணுவுக்கு இரண்டு அமைதியான நிலைகள் உண்டு. ஒன்றை 0 என்றும் மற்றொன்றை 1 என்றும் வைத்துக்கொள்ளுகிறோம். இந்த நிலைகள் எவ்வளவு நம்பிக்கையானவை என்றால், சீசியம் அணுவில் இப்படிப்பட்ட இரண்டு நிலைகளுக்கு நடுவேயுள்ள அதிர்வை வைத்துத்தான் 1967 முதல் உலகத்தில் ஒரு செகண்டு என்பதையே அளக்கிறார்கள். 919 கோடியே 26 லட்சத்து 31 ஆயிரத்து 770 அதிர்வுகள் ஆனால் ஒரு செகண்டு.

அணு 0 ஆகவும் இருக்கலாம், 1 ஆகவும் இருக்கலாம், இரண்டும் கலந்த நிலையிலும் இருக்கலாம். கலந்த நிலையில் ஒவ்வொரு சாத்தியத்துக்கும் ஒரு கடிகார முள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வழிகளில் வந்த முட்கள் ஒரே பக்கம் காட்டினால் அவை கூடும். எதிர்ப் பக்கம் காட்டினால் ஒன்றை ஒன்று அழித்துவிடும். குளத்தில் இரண்டு கல்லைப் போட்டால் அலைகள் சில இடத்தில் கூடுவதும் சில இடத்தில் அடங்குவதும் போலத்தான். இந்தக் கூடுதலையும் அழிதலையும் நமக்கு வேண்டியபடி நடக்கச் செய்வதுதான் குவாண்டம் கணக்கு.

இரண்டு அணுக்களை வைத்துக்கொண்டு, ஒன்றின் நிலையைத் தனியாகவும் மற்றதின் நிலையைத் தனியாகவும் சொல்லவே முடியாது, இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல முடியும் என்கிற மாதிரி ஆக்கிவிட்டால், அதற்குத்தான் பிணைப்பு என்று பேர். 1935-ம் வருஷம் ஷ்ரோடிங்கர் என்னும் ஆஸ்திரிய விஞ்ஞானி இந்தப் பேரை வைத்தார். அதே வருஷத்தில் ஐன்ஸ்டீனும் அவருடைய கூட்டாளிகள் இருவரும், இந்தச் சாஸ்திரத்தில் ஏதோ குறை இருக்க வேண்டுமென்று ஆட்சேபித்தார்கள். ஐன்ஸ்டீன் சொன்னார் என்பதற்காக அதை யாரும் வேதவாக்காக எடுத்துக்கொள்ளவுமில்லை, அவரை நிந்திக்கவுமில்லை. 1964-ல் ஜான் பெல் என்பவர் இதைப் பரிசோதித்தே தீர்த்துக்கொள்ள ஒரு வழி சொன்னார். பிறகு வந்தவர்கள் பரிசோதித்தார்கள். பிணைப்பு உண்மை என்று ஏற்பட்டது. அந்தச் சோதனைகளுக்காக ஆஸ்பே, கிளாசர், சைலிங்கர் ஆகிய மூவருக்கும் 2022-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். பிணைந்த இரண்டு அணுக்களில் ஒன்றைச் சோதித்தால் 0 வருமா 1 வருமா என்பது நம் கையில் இல்லை. இரண்டிலும் வந்த விடைகளைப் பிற்பாடு பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்தால்தான் அவற்றுக்குள்ள சம்பந்தம் தெரியும். ஆகவே பிணைப்பைக் கொண்டு தூரத்திலிருப்பவனுக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லியனுப்ப முடியாது. ஒரு வார்த்தை அனுப்ப முடியாததைக் கொண்டு வியாதியைத் தீர்ப்பதாகச் சொல்லுகிறவர்களைப் பற்றி என்ன சொல்வது?

ஒட்டாத அணுக்களை ஒட்டவைக்கும் சங்கடம்

நிற்க. அணுவை எப்படிப் பிடிக்கிறார்கள்? காற்றையெல்லாம் உறிஞ்சியெடுத்த ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் ருபீடியம் போன்ற உலோகத்தின் ஆவியை வைத்து, பல பக்கங்களிலிருந்தும் லேசர் ஒளியைப் பாய்ச்சினால், ஓடிக்கொண்டிருக்கும் அணுக்கள் வேகம் குறைந்து குளிர்ந்துவிடுகின்றன. இதற்குமேல் குளிரே கிடையாது என்கிற எல்லைக்கு ஒரு டிகிரியில் லட்சத்தில் சில பங்கு அருகில் வரைக்கும் குளிர்விக்கிறார்கள். இந்த முறைக்கு 1997-ல் நோபல் பரிசு கிடைத்தது. பிறகு, மிகவும் குவித்த ஒளிப் புள்ளி ஒன்றில் ஓர் அணு வந்து சிக்கிக்கொள்ளுகிறது. ஒளியாலேயே செய்த இடுக்கி என்று இதைச் சொல்லலாம். ஒளி இடுக்கியைக் கண்ட ஆர்தர் ஆஷ்கின் அவர்களுக்கு 2018-ல் அந்தப் பரிசு கிடைத்தபோது அவருக்கு வயது 96. இப்படி நூற்றுக்கணக்கான அணுக்களை, ஒன்றுக்கொன்று ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு தூரம் விட்டு, நாற்று நட்டது போல் வரிசையாக நிறுத்திவிடுகிறார்கள்.

இந்த அணுக்களுக்கு மின்சாரச் சுமை கிடையாது. ஆகவே ஒன்று மற்றொன்றைத் தள்ளுவதுமில்லை, இழுப்பதுமில்லை. பக்கத்து வீட்டுக்காரன் என்ன செய்கிறான் என்று எட்டிப் பாராத யோக்கியர்கள். கணக்கு எழுதி வைத்துக்கொள்ள இதைவிட நல்லவர்கள் கிடையாது. ஆனால் சங்கடமும் அதுதான். ஒன்றையொன்று கவனியாதவைகளை எப்படிப் பிணைப்பது? வேண்டும்போது மாத்திரம் பேச வேண்டும். வேண்டாதபோது வாயைத் திறக்கக் கூடாது. இதற்கு ஏற்பாடு செய்வதுதான் "கேட்" என்பது. அதை நாம் வாயில் என்று சொல்லிக்கொள்வோம்.

வழி என்னவென்றால், அணுவை ஊதவைப்பது. ருபீடியம் அணுவின் வெளிப்புறத்தில் ஒற்றை எலெக்ட்ரான் இருக்கிறது. தகுந்த நிறமுள்ள லேசரால் அதைப் பிய்த்தெடுத்துவிடாமல், பிய்ந்துவிடும் எல்லைக்குச் சற்று உள்ளே ஓர் உயர்ந்த படியில் ஏற்றிவிடலாம். படி உயர உயர, எலெக்ட்ரான் சுற்றும் அளவு ஏறக்குறையப் படியின் எண்ணை அதனாலேயே பெருக்கின கணக்கில் பெருகிவிடும். ஸ்வீடன் தேசத்து ரிட்பெர்க் என்பவர் 1888-ல் இப்படிகளின் கணக்கைக் கண்டுபிடித்ததால் இதற்கு ரிட்பெர்க் நிலை என்று பேர். அணுக்களுக்கிடையே உண்டாகும் பாதிப்பு, படியின் எண்ணைப் பதினோரு முறை தன்னால் தானே பெருக்கின கணக்கில் வளருகிறது. அதாவது படி இரட்டித்தால் பாதிப்பு 2,048 மடங்கு! அவ்வளவு நேரமும் சும்மா இருந்த அணு, இந்த நிலைக்குப் போனவுடன் பக்கத்து அணுவைப் பலமாகப் பாதிக்கிறது. கீழே இறக்கிவிட்டால் பழையபடி சாது ஆகிவிடுகிறது.

எந்த மாதிரிப் பாதிப்பு என்பதற்கு ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். ஊஞ்சல் வருகிற தாளத்துக்குச் சரியாகத் தள்ளினால் சிறு பிள்ளை தள்ளினாலும் உயரப் போகும். தாளம் தவறித் தள்ளினால் ஒரு முறை ஏறும், மறுமுறை அடங்கும். எவ்வளவு நேரம் தள்ளினாலும் மேலே போகாது. லேசர் ஒளி தள்ளுகிறவன், அணு ஊஞ்சல். இரண்டு ஊஞ்சல்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்று மேலே போய்விட்டால், மற்றதின் சங்கிலி நீளமே மாறிவிட்டது போல் அதன் தாளம் மாறிவிடுகிறது. ஆகவே அதே லேசரால் இரண்டாவதை ஏற்ற முடியாது. ஒரு நேரத்தில் ஒருவன்தான் மேலே போகலாம். இதை "மறியல்" என்று சொல்லலாம். இந்த மறியலே முழு வித்தைக்கும் ஆதாரம்.

முதல் திட்டம்: 2000

2000-ம் வருஷத்தில் யாக்ஷ், சிராக், சோல்லர், ரோல்ஸ்டன், கோட்டே, லுகின் ஆகியவர்கள் ஒரு திட்டத்தைக் காகிதத்தில் எழுதினார்கள். லேசர் 1-ல் உள்ள அணுவை மட்டும் ஏற்றும். 0-ல் உள்ள அணுவைத் தொடாது. மூன்று வேலைகள். முதல் அணுவை மேலே ஏற்று. இரண்டாவது அணுவை மேலே ஏற்றி இறக்கு. முதல் அணுவைக் கீழே இறக்கு. அவ்வளவுதான். இன்னொரு விதி: ஓர் அணு மேலே போய்த் திரும்பி வந்தால், பார்வைக்குப் பழைய நிலைதான் என்றாலும், அதன் கடிகார முள் அரை வட்டம் திரும்பியிருக்கும். 12-ல் இருந்தது 6-க்கு வந்துவிடும்.

நான்கு சாத்தியங்களையும் பார்த்துவிடலாம். விரல் விட்டு எண்ணுங்கள். இரண்டும் 0 ஆனால் ஒன்றும் நடவாது. முள் 12-லேயே இருக்கும். முதலது 0, இரண்டாவது 1 என்றால், இரண்டாவது போய் வரும், முள் 6. முதலது 1, இரண்டாவது 0 என்றால், முதலது போய் வரும், முள் 6. இரண்டும் 1 என்றால் என்ன ஆகும்? முதலது மேலே போய் உட்கார்ந்துகொண்டது. இரண்டாவது மறியலால் போக முடியவில்லை. முதலது இறங்கிவிட்டது. போய் வந்தது ஒன்றே. ஆகவே முள் 6.

இதிலென்ன விசேஷம்? மறியல் இல்லாமல், இரண்டு அணுக்களும் தத்தம் பாட்டுக்குப் போய் வந்திருந்தால், கடைசிச் சாத்தியத்தில் அரை வட்டமும் அரை வட்டமும் சேர்ந்து முழு வட்டமாகி முள் 12-க்கே வந்திருக்கும். இப்போது 6-ல் நிற்கிறது. இந்த அரை வட்ட வித்தியாசத்தை முதல் அணு தனியாகச் செய்யவில்லை, இரண்டாவது அணுவும் தனியாகச் செய்யவில்லை. இரண்டும் சேர்ந்ததால்தான் வந்தது. இந்த வித்தியாசமே பிணைக்கும் வாயில். ரகசியம், மாயை, மந்திரம் ஒன்றும் இதில் இல்லை. கூட்டல் கணக்கில் அரை வட்டம் குறைகிறது; அவ்வளவுதான்.

காகிதத்தில் சுலபம், கையில் கஷ்டம். 2009-ல் அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தாரும், பிரான்சில் பாரிசுக்கு அருகிலுள்ள பலேசோ நகரத்து ஆராய்ச்சியாளர்களும் இரண்டு அணுக்களுக்கிடையே மறியல் உண்டாவதைக் காட்டினார்கள். 2010-ல் விஸ்கான்சினில் வாயிலையே செய்து பார்த்தார்கள். பிணைப்பின் தரம் எவ்வளவு வந்தது தெரியுமா? நூற்றுக்கு 48. பிணைப்பு உண்டென்று நிச்சயமாகச் சொல்ல 50-ஐத் தாண்ட வேண்டும். வேலையின் நடுவில் காணாமற்போன அணுக்களைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டால் 58 வந்தது. அவர்கள் 58-ஐ மாத்திரம் போட்டு 48-ஐ மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. இரண்டையும் அச்சிட்டார்கள். தோழர்களே, பிற்பாடு வந்த முன்னேற்றமெல்லாம் அந்த 48-ஐ மறைக்காமல் வைத்ததிலிருந்து வந்தது என்பது என் அபிப்பிராயம். குறையைச் சொல்லாதவனுக்குத் திருத்துவதற்கு என்ன இருக்கிறது?

குறைகளுக்கு ஜாப்தா

குறை எங்கெங்கே வருகிறது? ஒன்று, மேலே ஏறிய அணு அங்கே நெடுநேரம் தங்காது. ஒரு செகண்டைப் பத்து லட்சம் கூறு போட்டால், அதில் சுமார் நூறு கூறு நேரத்தில் அது தானாகவே கீழே விழுந்துவிடும். ஆகவே மேலே தங்கும் நேரம் நீள நீளப் பிழை வளரும். முதல் திட்டத்தில், இரண்டாவது அணு போய் வருகிற வரைக்கும் முதல் அணு மேலேயே காத்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. இரண்டு, அணு எவ்வளவு குளிர்ந்தாலும் சற்று அசைகிறது. அசைந்தால் அதற்கு லேசரின் தாளம் மாறித் தோன்றும். மூன்று, லேசரின் பிரகாசமும் நிறமும் அணுவளவு நடுங்கினாலும் கணக்குத் தவறும். நான்கு, ருபீடியத்தை ஒரே தாவலில் ஏற்றாமல் இரண்டு நிற லேசர்களைக் கொண்டு நடுவில் ஒரு படியை உத்தேசித்து ஏற்றுகிறார்கள். சில சமயம் அணு அந்த நடுப்படியில் தடுக்கி விழுந்துவிடுகிறது. ஐந்து, பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு அணுக்களில் ஒன்றின் மேல் மட்டும் ஒளி விழும்படி குறி பார்ப்பது பெரிய சிரமம்.

இரண்டுக்கும் ஒரே ஒளி: 2019

ஐந்தாவது குறையைத் தீர்க்க ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் 2019-ல் ஒரு நல்ல யுக்தி செய்தார்கள். "தனித்தனியாகக் குறி பார்ப்பானேன்? இரண்டு அணுக்களின் மேலும் ஒரே ஒளியை விடுவோம்" என்றார்கள். இதைக் கேட்டால் வேலைக்காகாது போல் தோன்றும். ஆனால் இங்கேதான் ஓர் அழகான கணக்கு இருக்கிறது.

ஓர் அணு மட்டும் 1-ல் இருந்தால், ஊஞ்சல் ஒரு வேகத்தில் ஆடும். இரண்டும் 1-ல் இருந்தால் மறியலால் ஒன்றுதான் மேலே போகலாம். ஆனால் எது போவது என்று தீர்மானமாகவில்லை. இரண்டும் அந்த ஒரே பயணத்தில் பங்கு கொள்ளுகின்றன. அப்போது ஆட்டத்தின் வேகம் 2-ன் வர்க்கமூலம், அதாவது 1.414 மடங்காகிவிடுகிறது. ஆகவே ஒரே ஒளியில் வேகமான ஊஞ்சல் ஒன்றும் மெதுவான ஊஞ்சல் ஒன்றும் ஆடுகின்றன.

சிக்கல் என்னவென்றால், வாயில் முடிகிறபோது இரண்டு ஊஞ்சலும் கீழே வந்து நிற்க வேண்டும். ஒன்று கூட அந்தரத்தில் இருக்கக் கூடாது. 1-க்கும் 1.414-க்கும் பொதுமடங்கு கிடையாது. ஆகையால் சும்மா விட்டால் இரண்டும் ஒரே சமயத்தில் கீழே வராது. அவர்கள் செய்ததாவது: வேகமான ஊஞ்சல் ஒரு முழுச் சுற்று முடித்துக் கீழே வரும் நேரத்துக்கு ஒளியை விட்டார்கள். அப்போது மெதுவானது அந்தரத்தில் இருக்கும். உடனே ஒளி அலையின் தாளத்தை ஒரு குறிப்பிட்ட அளவு தாவவைத்து, அதே நேரத்துக்கு மறுபடியும் விட்டார்கள். வேகமானது இன்னொரு சுற்று முடித்துக் கீழே வந்தது. மெதுவானதும், தாளம் மாறித் தள்ளப்பட்டதால், வந்த வழியைச் சரிக்கட்டிக்கொண்டு கீழே வந்து சேர்ந்தது. பாக்கியிருப்பது கடிகார முள். லேசரின் நிறத்தை ஊஞ்சலின் தாளத்திலிருந்து கொஞ்சம் விலக்கி வைத்தால் முள் திரும்பும் அளவு மாறும். எவ்வளவு விலக்கினால் முன் சொன்ன அரை வட்ட வித்தியாசம் சரியாக வரும் என்று கணக்குப் போட்டார்கள். ஊஞ்சலின் வேகத்தில் 0.377 பங்கு விலக்க வேண்டும் என்று வந்தது. அப்படியே விலக்கினார்கள். ஐந்து ஜோடி அணுக்களில் ஒரே சமயத்தில் செய்து பார்த்ததில், வாயிலின் தரம் சராசரியாக நூற்றுக்கு 97.4-க்குக் குறையாமல் வந்தது.

கணினியைக் கொண்டே வாயிலைத் தேடுதல்: 2022

97.4 என்றதும் பலர் திருப்தியடைந்து சும்மா இருந்திருப்பார்கள். பிரான்சில் ஸ்ட்ராஸ்பூர்க் பல்கலைக்கழகத்தில் யான்டுரா, பூப்பில்லோ என்னும் இருவர் வேறு கேள்வி கேட்டார்கள்: "தாளத்தை நடுவில் ஒரே ஒரு தடவை தாவவைப்பதுதான் சிறந்த வழி என்று யார் சொன்னது? தொடக்கத்திலிருந்து முடிவு வரை மாற்றிக்கொண்டே இருந்தால் என்ன?"

தேடும் முறை இதுதான். ஒளி விடும் நேரத்தைப் பல சிறு துண்டுகளாக வெட்டு. ஒவ்வொரு துண்டுக்கும் தாளம் இவ்வளவு என்று ஏதோ ஓர் எண்ணைப் போடு. முடிவில் எவ்வளவு பிழை வருகிறதென்று சாதாரணக் கணினியில் கணக்குப் பார். பிறகு ஒவ்வொரு துண்டின் எண்ணையும் கொஞ்சம் கூட்டினால் பிழை ஏறுமா இறங்குமா என்று பார். இறங்குகிற பக்கம் எல்லாவற்றையும் சற்று நகர்த்து. மறுபடியும் பார், மறுபடியும் நகர்த்து. இருட்டில் மலையிலிருந்து இறங்குகிறவன் காலால் சரிவைத் தடவிப் பார்த்து ஒவ்வோர் அடியாக வைப்பது போன்றது. 2005-ல் காந்தத்தைக் கொண்டு அணுக்கருக்களை ஆட்டுவதற்காக ஏற்பட்ட இந்த முறையை அவர்கள் இங்கே கொண்டுவந்தார்கள்.

2022-ல் விடை வந்தது. ஒளியை முழுப் பிரகாசத்தில் வைத்துக்கொண்டு, தாளத்தை மாத்திரம் ஒரு வழுவழுப்பான அலையைப் போல் மாற்றிக்கொண்டே போனால், முன் சொன்ன முறையைவிட ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு நேரம் குறைகிறது. பத்தில் ஒரு பங்குதானா என்று அலட்சியமாக எண்ணாதீர்கள். நேரம் குறைந்தால் மேலே தங்குவது குறையும்; மேலே தங்குவது குறைந்தால் பிழை குறையும்.

ஆனால் "இதுதான் முடிவு, இதற்கு மேல் கிடையாது" என்று அவர்கள் சாதிக்கவில்லை. அடுத்த வருஷமே, வேறு குறைகளுக்குத் தகுந்தபடி வேறு வாயில்களையும் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். லேசரின் பிரகாசம் ஏறி இறங்கினாலும் தாங்குகிற வாயில் வேண்டுமானால், மேலே அதிக நேரம் தங்க வேண்டியிருக்கும். அணுவின் அசைவைத் தாங்க வேண்டுமானால் அதற்கும் ஒரு விலை உண்டு. ஆகவே "எந்த வாயில் சிறந்தது?" என்று பொதுவாகக் கேட்பதில் அர்த்தமில்லை. "என் யந்திரத்தில் எந்தக் குறை பெரியது? அதற்கு எந்த வாயில் பொருத்தம்?" என்று கேட்பதே புத்தியுள்ள கேள்வி. எல்லா வியாதிக்கும் ஒரே லேகியம் என்பது இங்கே நடவாது.

நூறில் ஒன்று என்கிற கோடு: 2023

2023-ம் வருஷம் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தாரும் அவர்களுடன் சேர்ந்தவர்களும் இந்த வகை வாயிலை யந்திரத்தில் நடத்தினார்கள். தாளத்தை ஒரு சாதாரண அலைவடிவில் மாற்றும் ஒரே ஒளித்துடிப்பு. நடுப்படியில் தடுக்கி விழுவதைக் குறைக்க ஏற்பாடு, அணுக்களை இன்னும் குளிர்விக்க ஏற்பாடு, லேசரைத் திருத்த ஏற்பாடு என்று குறைகளின் ஜாப்தாவை ஒவ்வொன்றாக எடுத்துச் சரிப்படுத்தினார்கள். ஒரு செகண்டைப் பத்து லட்சம் கூறு செய்தால், ஒரு கூறில் பாதிக்கும் குறைந்த நேரத்தில் வாயில் முடிந்துவிடுகிறது. 60 அணுக்கள் வரையில் ஒரே சமயத்தில் செய்ததில் தரம் நூற்றுக்கு 99.5.

ஒரு வாயிலில் இருநூற்றில் ஒன்றாக வரும் பிழையை எப்படி அளந்தார்கள் என்று கேட்பீர்கள். ஒரு காகிதத்தின் கனம் தெரிய வேண்டுமானால், ஒரு தாளை அளக்காமல் நூறு தாளை அடுக்கி அளந்து வகுக்கிறோம் அல்லவா? அதுபோலவே வாயிலை மறுபடி மறுபடி பல தடவை செய்து, மொத்தத்தில் எவ்வளவு கெட்டது என்று பார்த்து, ஒன்றுக்கு இவ்வளவு என்று கணக்கெடுத்தார்கள்.

97.4-க்கும் 99.5-க்கும் என்ன பிரமாத வித்தியாசம் என்று எண்ணலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 97.4 தரமுள்ள வாயிலை நூறு தடவை அடுத்தடுத்துச் செய்தால், பிழையில்லாமல் முடிவது நூற்றுக்கு 7 தடவைதான். 99.5 தரமானால் நூற்றுக்கு 60 தடவை. ஆனால் அதையும் கொண்டாடிவிடாதீர்கள். ஆயிரம் வாயில்கள் அடுத்தடுத்துச் செய்ய வேண்டுமானால், 99.5-லும் பிழையில்லாமல் முடிவது நூற்றுக்கு ஒன்று கூட ஆகாது. பெரிய எண்களைக் காரணிகளாகப் பிரிப்பதற்குப் பீட்டர் ஷோர் 1994-ல் கண்ட வழியைப் பெரிய எண்களுக்கு நடத்த, கணக்கில்லாத வாயில்கள் தேவை.

அப்படியானால் வழியே இல்லையா? இருக்கிறது. ஒரு கணக்கை ஒரே கணக்குப்பிள்ளையிடம் விடாமல் பலரிடம் விட்டு, ஒருவர் தப்பை மற்றவர்கள் கண்டுபிடிக்கும்படி செய்வதுபோல, பல அணுக்களைச் சேர்த்து ஒரே இலக்கமாக வைத்துக்கொள்ளுவது. ஆனால் ஒரு நிபந்தனை. தப்புப் பார்க்க வருகிறவனே அதிகமாகத் தப்புச் செய்கிறவனானால், ஆட்களைக் கூட்டக் கூட்டக் குழப்பம்தான் கூடும். தப்பு ஓர் அளவுக்குக் கீழே இருந்தால் மாத்திரமே ஆட்களைக் கூட்டக் கூட்டச் சுத்தம் கூடும். பேர்பெற்ற ஒரு திருத்தும் முறைக்கு அந்தக் கோடு ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று. 97.4 அந்தக் கோட்டுக்கு அந்தப்புறம், 99.5 இந்தப்புறம். அதனால்தான் ஒளியின் தாளத்தை இப்படி மாற்றுவதா அப்படி மாற்றுவதா என்பதற்காக அத்தனை பேர் அத்தனை வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். கோட்டைத் தாண்டிய அந்த வருஷத்திலேயே, டிசம்பரில், 280 அணுக்கள் வரை வைத்துக்கொண்டு, அவற்றைச் சேர்த்து 48 வரை பிழை காக்கப்பட்ட இலக்கங்களாக ஆக்கி ஹார்வர்டில் வேலை செய்து காட்டினார்கள். அணுக்களை ஒளி இடுக்கியால் தூக்கி ஜோடி ஜோடியாகப் பக்கத்தில் வைப்பது, எல்லா ஜோடிக்கும் ஒரே ஒளியை விடுவது, மறுபடி பிரித்து வேறு ஜோடி சேர்ப்பது, இப்படியே.

முடிவாக

தோழர்களே! 2000-ல் காகிதத்தில் எழுதிய திட்டம் 2023-ல் நூற்றுக்கு 99.5 ஆவதற்கு 23 வருஷம் ஆயிற்று. காற்றில்லாத பெட்டி, நினைக்கவும் முடியாத குளிர், நடுங்காத லேசர், கணினியில் தேடி எடுத்த தாளம், இவ்வளவும் இருந்தும் இரண்டே இரண்டு அணுக்களைப் பிணைப்பதில் 2023-ல் இருநூறு தடவைக்கு ஒரு தடவை தவறிற்று. தவறிற்று என்று செய்தவர்களே சொன்னார்கள். இப்படியிருக்க, சந்தையில் ஒரு செம்புக் காப்பை வைத்துக்கொண்டு, "இதில் குவாண்டம் பிணைப்பு இருக்கிறது, ஒருநாளும் தவறாது" என்று சொல்லுகிறவரைப் பார்த்து நீங்கள் கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை. மூன்று கேள்வி கேளுங்கள். "எத்தனை தடவை செய்து பார்த்தீர்? எத்தனை தடவை தவறிற்று? எதனால் தவறிற்று?" பதில் சொல்லத் தெரிந்தவரோடு மேற்கொண்டு பேசலாம். தெரியாதவரிடம் காசு கொடுக்க வேண்டியதில்லை.

அந்த மூன்று கேள்வியைச் சந்தைக்காரரிடம் மட்டும் கேட்பதும் நியாயமல்ல. நம் பணத்தில் ஆராய்ச்சி செய்கிறவர்களையும் கேளுங்கள். இப்போதுள்ள யந்திரங்கள் சிறியவை. மருந்துச் சரக்குகளின் குணத்தைக் கணக்கிடுவதும், பெரிய எண்களின் பூட்டைத் திறப்பதும் இனி வரவேண்டிய பெரிய யந்திரங்களின் வேலை. நாளைக்கே எல்லாம் ஆகிவிடும் என்று யாராவது சொன்னால், "உம்முடைய வாயிலின் தரம் எவ்வளவு?" என்று கேளுங்கள். உண்மையான விஞ்ஞானி அந்தக் கேள்வியைக் கேட்டு வருத்தப்படமாட்டார், சந்தோஷப்படுவார். 48 வந்தபோது 48 என்றே அச்சிட்டவர்களின் வழியில் வந்தவர் அல்லவா அவர்!

நான் சொன்னவற்றையும் அப்படியே ஒப்புக்கொண்டு போய்விடாதீர்கள். நான்கு சாத்தியங்களையும் வீட்டில் போய் ஒரு காகிதத்தில் எழுதி, முள் எங்கே நிற்கிறதென்று நீங்களே பாருங்கள்.